கோயிலா, பறவையா?

"எனக்கும் என் தங்கைக்கும் நாலு வருஷமாகப் பேச்சு வார்த்தை இல்லை. அம்மாவின் இரண்டு வளையல்களும் என்னிடமே தங்கிவிட்டதால் வந்த மனஸ்தாபம். இப்போது அவளே கலிபோர்னியாவிலிருந்து கூப்பிட்டு, மாசி மாதம் என்னை ஹவாய்த் தீவுகளுக்கு அழைத்துப் போகிறாள். ஹோனலூலுவில் ஜாகை. மிச்சம் இருப்பது ஒரே நாள். அவளுக்குக் கவாய் தீவின் பறவைச் சரணாலயத்தைப் பார்க்க ஆசை. எனக்கோ பெரிய தீவிலுள்ள புண்ணிய ஸ்தலம். இரண்டும் எதிரெதிர்த் திசை. எதற்கும் விமானம் ஏற வேண்டும். மறுபடி சண்டை வந்துவிடுமோ?"

இப்படிக் கேட்டிருக்கிறார் ஒரு சகோதரி.

பயப்படாதீர்கள், சகோதரி! நீங்கள் ஆசைப்படும் இடத்தின் பெயர் ஹோனௌனௌ. அந்நாளில் ஹவாயில் 'கப்பு' என்று கடுமையான விதிகள் இருந்தன. பெண்கள் ஆண்களோடு உட்கார்ந்து சாப்பிடக் கூடாது. வாழைப்பழமும் பன்றி இறைச்சியும் பெண்களுக்கு ஆகாது. மீறினால் மரண தண்டனை! ஆனால் துரத்துகிறவர்களுக்குத் தப்பி, கடலில் நீந்தியாவது ஹோனௌனௌவுக்குள் வந்து சேர்ந்துவிட்டால் பிழைத்தார்கள். பூசாரி சடங்கு செய்து குற்றத்தைப் போக்குவார். பிறகு வீடு திரும்பலாம். சுண்ணாம்போ காரையோ இல்லாமல் கல்லைக் கல்லோடு அடுக்கிய அதன் மதில், சுமார் 1,000 அடி நீளத்துக்கு இன்றும் நிற்கிறது.

அங்கே ஒரு பெரிய பாறை உண்டு. காமெஹாமெஹா மன்னரோடு பிணங்கிக்கொண்டு வந்த ராணி காஅஹுமனு அதன் அடியில் ஒளிந்திருந்தாளாம். அவளுடைய நாய் குரைத்துக் காட்டிக் கொடுத்துவிட்டது. தம்பதிகள் சமாதானமானார்கள் என்பது கர்ண பரம்பரைக் கதை. கதை எப்படியோ, இது சரித்திரம்: மன்னர் 1819-இல் இறந்தபின், அதே ராணியின் தூண்டுதலால் இளைய மன்னர் பெண்களோடு உட்கார்ந்து சாப்பிட்டார். 'கப்பு' அன்றோடு ஒழிந்தது.

தங்கை சொல்லும் இடம் கிலாவேயா முனை. எரிமலைக்கும் இதே பெயர்தான். அது பெரிய தீவில் இருக்கிறது, குழப்பிக்கொள்ளாதீர்கள். இங்கே கடலோரச் செங்குத்துப் பாறைமேல் 1913-இல் கட்டிய கலங்கரை விளக்கம் இருக்கிறது. 1985-இல் இது சரணாலயம் ஆயிற்று. 'நேனே' என்ற ஹவாய் வாத்தை இங்கே பார்க்கலாம். 1950-ஐ ஒட்டிய வருஷங்களில் காட்டில் சுமார் 30 நேனேக்கள்தான் மிஞ்சியிருந்தன. மனிதர்கள் வளர்த்து விட்டுக் காப்பாற்றியதில் இன்று 3,000-க்கு மேல். ஆல்பட்ரோஸ் பறவையின் குடித்தனமோ இன்னும் விசேஷம்! வருஷத்துக்கு ஒரே முட்டை. ஆணும் பெண்ணும் முறை வைத்து அடைகாக்கும். குஞ்சு பொரித்ததும் இரை தேடிக் கடலில் வெகுதூரம் போய்த் திரும்பும்.

'ஹோனௌனௌ' இடத்தின் முழுப் பெயரில் வரும் 'புஉஹோனுவா' என்ற சொல்லுக்கே 'புகலிடம்' என்றுதான் அர்த்தம். ஆக, அக்கா கேட்பதும் தங்கை கேட்பதும் ஒன்றுதான். ஒன்று மனிதருக்கு, மற்றது பறவைக்கு.

சரி, எதற்குப் போவது? என்னைக் கேட்டால் தங்கையின் கட்சிதான். முறைத்துக்கொள்ளாதீர்கள்! மதில் வருஷம் முழுவதும் அங்கேயேதான் நிற்கும். ஆல்பட்ரோஸ் குஞ்சோ ஆடி ஆவணிக்குள் பறந்துவிடும். மாசியில் போனால்தான் கூட்டில் பார்க்கலாம். அதிர்ஷ்டமிருந்தால் கடலில் திமிங்கிலமும் தென்படும். அனுமதி விவரங்களை மட்டும் முன்கூட்டியே விசாரித்துக் கொள்ளுங்கள்.

அப்படியானால் ஹோனௌனௌ? முந்தின இரவு அந்த ராணியின் கதையைத் தங்கைக்குச் சொல்லுங்கள். புகலிடம் என்று வந்தவரின் பழைய குற்றத்தைக் கிளறாததுதானே அந்த ஸ்தலத்தின் மகிமை? அதற்கு விமானம் ஏற வேண்டியதில்லை.

புறப்படும்போது பெட்டியில் மறக்காமல் அந்த வளையல்களை வைத்துக் கொள்ளுங்கள். உங்கள் கைக்கு ஒன்று, அவள் கைக்கு ஒன்று.