சாவியை எதிர் வீட்டில் கொடுக்காதீர்கள்

ஏப்ரல், மே வந்தால் மடிப்பாக்கம், நங்கநல்லூர் பக்கம் வீட்டுக்கு வீடு பெட்டி எடை போடுகிறார்கள். மகனோ மகளோ அமெரிக்காவில். ஆறு மாதம் தங்கிவிட்டு மழைக்கு முன்னால் திரும்புவதாகத் திட்டம். சாம்பார்ப் பொடியைக் கிராம் கணக்கில் யோசித்து அடுக்குகிறவர்கள், விட்டுவிட்டுப் போகும் காருக்கு ஒதுக்குவது கடைசி நாள் சாயங்காலம் பத்து நிமிஷம். மேலே ஒரு கவரைப் போர்த்தி, சாவியை எதிர் வீட்டில் கொடுத்து, "வாரத்துக்கு ஒரு தடவை ஸ்டார்ட் பண்ணி அஞ்சு நிமிஷம் ஓட விடுங்க சார், போதும்" என்று சொல்லிவிட்டு விமானம் ஏறிவிடுகிறார்கள்.

அந்த அஞ்சு நிமிஷத்தோடுதான் எனக்குச் சண்டை.

இன்ஜினை எழுப்ப செல்ஃப் மோட்டார் பேட்டரியிலிருந்து ஒரே மூச்சில் பெரிய அளவு மின்சாரத்தை இழுக்கிறது. நின்ற இடத்தில் அஞ்சு நிமிஷம் உறுமினால் அது முழுதாகத் திரும்பி ஏறாது. அதைவிட மோசம் தண்ணீர். ஒரு லிட்டர் பெட்ரோல் எரிந்தால் ஏறக்குறைய ஒரு லிட்டர் தண்ணீர் உண்டாகிறது. இன்ஜினும் சைலன்சரும் நன்றாகச் சூடேறினால் அது ஆவியாக வெளியே போய்விடும். சூடேறும் முன்னே அணைத்தால் சைலன்சருக்குள்ளும் ஆயிலிலும் தங்கி, வாரா வாரம் கொஞ்சம் கொஞ்சமாகத் துருவை வளர்க்கும். மூடிய ஷெட்டுக்குள் ஓட விட்டால் புகையில் இருக்கும் கார்பன் மோனாக்சைடு ஆளையே சாய்த்துவிடும். எதிர் வீட்டுக்காரர் பாவம், நல்லது செய்வதாக நினைத்துக்கொண்டிருப்பார்.

லைசென்ஸும் பொறுப்பும் உள்ள ஒருவர் இரண்டு வாரத்துக்கு ஒருமுறை அரை மணி நேரம் வண்டியை வெளியே ஓட்டி வருவார் என்றால் சரி, சாவியைக் கொடுங்கள். அப்படி ஆள் இல்லையா, யாரும் தொட வேண்டாம் என்று முறையாகத் தூங்க வைத்துவிட்டுப் போங்கள். இரண்டுக்கும் நடுவில் நிற்பதுதான் வண்டியைக் கெடுக்கிறது.

தூங்க வைப்பதில் முதல் வேலை பேட்டரி. பழைய அம்பாசடரில் சாவியை எடுத்துவிட்டால் பேட்டரியைத் தின்ன அநேகமாக எதுவும் இருக்காது. ஊரிலிருந்து வந்ததும் நாலு பேர் தள்ளினால் கிளம்பிவிடும். இன்றைய கார் அப்படியில்லை. ரிமோட் கூப்பிடுகிறதா என்று காது கொடுத்தபடி அலாரமும் கம்ப்யூட்டரும் விழித்தே இருக்கின்றன. இதற்குச் சாதாரணமாக 30 முதல் 50 மில்லி ஆம்பியர். 50 என்றே வைத்துக்கொண்டால் ஒரு நாளைக்கு 1.2 ஆம்பியர்-அவர். சின்ன காரின் 35 ஆம்பியர்-அவர் பேட்டரி ஒரு மாதத்தில் தரைதட்டும். அப்படிக் காலியாகவே கிடக்கும் லெட்-ஆசிட் பேட்டரியின் தகடுகளில் சல்பேட் இறுகிவிடும். அப்புறம் சார்ஜ் போட்டாலும் பழைய தெம்பு வராது. 2020 ஊரடங்கு தளர்ந்தபோது பேட்டரிக் கடைகளில் நின்ற கூட்டத்துக்கு இதுதான் காரணம்.

பத்தாம் நம்பர் ஸ்பேனர் ஒன்று போதும், மைனஸ் டெர்மினலைக் கழற்றிவிடலாம். கழற்றும் முன் டிக்கியில் இருப்பதை எடுத்துவிடுங்கள்; பல கார்களில் மின்சாரம் இல்லாமல் டிக்கி திறக்காது. ரிமோட்டும் வேலை செய்யாது. அதற்குள் ஒளிந்திருக்கும் இரும்புச் சாவியால் கதவைப் பூட்டித் திறந்து ஒருமுறை பழகிக்கொள்வது நல்லது. கடிகாரமும் ரேடியோ நிலையங்களும் அழிந்துபோகும், போகட்டும். எலெக்ட்ரிக் கார்க்காரர்களும் சிரிக்க வேண்டாம்: உங்கள் வண்டியிலும் தனியாக ஒரு 12 வோல்ட் பேட்டரி உண்டு, அதுதான் முதலில் சாகும். அதை என்ன செய்வது என்று கையேட்டில் பார்த்துக்கொள்ளுங்கள். பெரிய பேட்டரியைப் பாதியளவு சார்ஜில் விட்டுப் போகலாம்.

டேங்க்கை நிரப்பிவிடுங்கள். இப்போது நாம் போடும் இ20 பெட்ரோலில் 20 சதவீதம் எத்தனால். அது ஈரத்தை இழுக்கும். டேங்க்கில் காற்றுக்கு இடம் குறைந்தால் ஈரத்துக்கும் இடம் குறையும். ஆயிலைத் திரும்பி வந்து மாற்றிக்கொள்ளலாம் என்று மெக்கானிக் சொல்வார், கேட்காதீர்கள். பழைய ஆயிலில் அமிலம் சேர்ந்திருக்கும், அது ஆறு மாதம் இன்ஜினுக்குள் ஊற வேண்டியதில்லை. டயருக்கு வழக்கமாக 33 என்றால் 37, 38 வரை காற்று அடியுங்கள். இல்லாவிட்டால் தரையில் அழுந்தும் இடம் சப்பையாகிவிடும். ஹேண்ட் பிரேக் போடவே போடாதீர்கள், ஈரத்தில் உள்ளே ஒட்டிக்கொள்ளும். முதல் கியரில் நிறுத்தி, சக்கரத்துக்கு முன்னும் பின்னும் செங்கல் வைத்தால் போதும். கழுவிய வண்டியை அப்படியே ஷெட்டில் ஏற்றாமல், ஒரு சுற்று ஓட்டி பிரேக்கைக் காய வைத்துவிட்டு நிறுத்துங்கள். கவர் துணியாக இருக்கட்டும். பிளாஸ்டிக் கவருக்குள் வேர்க்கும். திருவான்மியூர், பெசன்ட் நகர் உப்புக் காற்றுக்கு அந்த வேர்வையே போதும்.

இத்தனையும் செய்தாலும் எலி இருக்கிறதே! நிற்கும் காரின் இன்ஜின் அறையைப்போல இருட்டும் அமைதியுமான இடம் அதற்கு வேறு எங்கே கிடைக்கும்? ஏசி ஃபில்டரைக் கிழித்து மெத்தை போடும், ஒயரைக் கடித்துப் பல்லைத் தேய்த்துக்கொள்ளும். புகையிலை, பாச்சை உருண்டை என்று ஆளுக்கொரு வைத்தியம் சொல்கிறார்கள். வாசனை அடங்கினால் எலி திரும்பிவிடும் என்பதே என் கட்சி. பூட்டிய ஷெட் என்றால் பானெட்டைத் திறந்தே வைத்துவிட்டுப் போவது மேல், இருட்டு போனால் பாதிக் கவர்ச்சி போய்விடும். முதலில் சீட்டுக்கடியைத் துடையுங்கள். போன ஆயுத பூஜையின் பொரி அங்கேதான் இருக்கும்.

பயணம் அக்டோபரைத் தாண்டி நீளுமானால் தரைத்தளத்துக்குக் கீழே நிறுத்துவதை மறந்துவிடுங்கள். கனமழை எச்சரிக்கை வந்தால் வேளச்சேரிக்காரர்கள் மேம்பாலத்தில் காரை வரிசையாக ஏற்றிவிடுவதைப் பார்த்திருப்பீர்கள். அமெரிக்காவிலிருந்து அதைச் செய்ய முடியாது. இன்ஷூரன்ஸ் தேதியையும் பாருங்கள். பாலிசி முடிந்து 90 நாளுக்குள் புதுப்பிக்காவிட்டால், வருஷக்கணக்காகச் சேர்த்த நோ கிளெய்ம் போனஸ் மொத்தமாகப் போய்விடும்.

திரும்பி வந்ததும் பேட்டரியை மாட்டும் முன் டார்ச் அடித்து எலிக்கூடு இருக்கிறதா என்று தேடுங்கள். காற்றை 33-க்கு இறக்குங்கள். முதல் சில பிரேக்குகளில் கரகரவென்று சத்தம் வரும். அது டிஸ்க்கின் மேல் படிந்த துரு உரியும் சத்தம், பயப்பட வேண்டாம். டயர் தடதடத்தாலும் கொஞ்ச தூரத்தில் சரியாகிவிடும். இரண்டு மூன்று நாள் ஓட்டியும் அடங்கவில்லை என்றால்தான் டயர் கடைக்குப் போக வேண்டும்.