ப்ராஜெக்ட் ஓடுச்சா?

ஃபைனல் இயர் ப்ராஜெக்டைக் காசு குடுத்து வாங்குற பசங்களைத் திட்டி ஏகப்பட்டது எழுதியாச்சு. எனக்கென்னவோ, திட்ட வேண்டியது வைவாவில் கேட்கிற கேள்வியைத்தான்னு தோணுது.

நம்ம ஊர் பி.ஈ.யில் எட்டாவது செமஸ்டர்னா ப்ராஜெக்ட்தான். அதுவரைக்கும் படிச்சதையெல்லாம் சேர்த்து சொந்தமா ஒண்ணு செஞ்சு பார்க்கட்டும்னு வெச்சது. நடக்குறது என்ன? ப்ராஜெக்ட் சென்டர்ல தலைப்பு, கோடு, ரிப்போர்ட்டு எல்லாத்தையும் பார்சலா கட்டிக் குடுத்துடுறாங்க. வைவா கேள்வி-பதில் இலவச இணைப்பு :-) எக்ஸ்டர்னல் வந்து "அவுட்புட் காட்டுப்பா"ம்பார். ஓடுச்சுன்னா மார்க்கு. ஓடுறதுதான் கடையிலயே கிடைக்குதே! ஓடாம கெடந்த மூணு மாசத்தை எந்தக் கடையில வாங்குறது? படிப்பு இருக்கிறது அந்த மூணு மாசத்துலதான்.

லண்டன்ல மட்டும் ஒழுங்கான்னா, அதுவும் இல்ல. மாஸ்டர்ஸுக்கு மொத்தம் 180 கிரெடிட். வழக்கமா அதுல 60 டிசர்டேஷனுக்கு. கிரெடிட்டுக்குப் பத்து மணி நேரம்னு கணக்கு, ஆக 600 மணி நேரம். ஷிஃப்டு முடிச்சு நார்தர்ன் லைன்ல மோர்டன் வரைக்கும் தூங்கிட்டு வர்றவனுக்கு (கடைசி ஸ்டேஷன், தாண்டிப் போற பயம் இல்ல) 600 மணி எங்கேர்ந்து வரும்? எழுதிக் குடுக்குற கம்பெனிங்க இங்கயும் கொழிச்சதாலதான், காசுக்கு எழுதிக் குடுக்குறதும் அதுக்கு விளம்பரம் பண்றதும் குற்றம்னு இங்கிலாந்துல 2022ல சட்டமே வந்தது. அதே வருஷம் நவம்பர்ல சாட்ஜிபிடி வந்து, ஓசியிலயே எழுதிக் குடுக்க ஆரம்பிச்சது தனிக்கதை.

ஆனா ஒண்ணு. என் சூப்பர்வைசரம்மா ஒவ்வொரு சந்திப்பிலயும் முதல்ல கேட்கிறது, "போன வாரம் எது சரியா வரல?" இதுக்குப் பதிலை விலைக்கு வாங்கிட்டுப் போனா, அடுத்து வர்ற "ஏன்?"லயே மாட்டிப்போம்.

அனுசாட் ஞாபகம் இருக்கா? இஸ்ரோ துணையோட அண்ணா பல்கலைக்கழகம் செஞ்ச 40 கிலோ சாட்டிலைட். 2009 ஏப்ரல் 20ல பி.எஸ்.எல்.வி. சி12ல போச்சு. சாட்டிலைட் வேலையில கடைசி நாள் அவுட்புட்டை மட்டும் காட்டித் தப்பிக்க முடியாது. குலுக்கிப் பார்ப்பாங்க, வெற்றிடத்துல வெச்சு சூடாக்கிக் குளிரவெச்சுப் பார்ப்பாங்க, எங்கே இடிக்குதுன்னு அப்பப்பவே பதில் சொல்லியாகணும். மேல போனப்புறம் ஸ்க்ரூட்ரைவர் எடுத்துட்டுப் போக முடியாதே.

எல்லாரும் ராக்கெட் விடணும்னு சொல்ல வரல. ஒரு நூலக சாஃப்ட்வேரா இருந்தாலும் பரவால்ல. தங்க எழுத்து பைண்டிங்கை ஓரமா வெச்சுட்டு, ரஃப் நோட்டுக்குப் பாதி மார்க்கு குடுங்க. எந்தத் தேதியில எது புட்டுக்கிச்சு, அப்புறம் என்ன பண்ணீங்கன்னு அதை வெச்சே கேளுங்க. ரிவ்யூன்னு நம்ம காலேஜ்லயும் பேருக்கு இருக்கு. அதுல ஸ்லைடு ஓட்டுறதோட சரி.

எக்ஸ்டர்னலுக்கு நேரம் ஏதுய்யா, ஒரே நாள்ல அத்தனை பேட்ச்னு கேட்பீங்க. நியாயம்தான். பேட்ச்சைப் பாதியாக்குங்க. வைவா இன்னும் ரெண்டு நாள் கூடத்தான் நடக்கட்டுமே, என்ன இப்போ?