தீப்பெட்டிக்குள் பொன்வண்டு



லீவுக்கு ஆலங்குளம் வந்த பேரன் நாள் முழுக்க போகிமான் பார்க்கிறான். "டிவியை அணைடா" என்று மகள் சத்தம் போடுகிறாள். நான் அவன் பக்கம்.

1996-இல் ஜப்பானில் வீடியோ கேமாக வந்து, மறு வருடமே கார்ட்டூன் தொடரானது அது. உருவாக்கிய சடோஷி தஜிரி சிறுவயதில் பூச்சி பிடித்து அலைந்தவர். அந்த ஆசையில் பிறந்ததுதான் இந்த விளையாட்டு.

நீங்களும் தீப்பெட்டிக்குள் பொன்வண்டு வளர்த்தவர்கள்தானே? வகுப்பில் அதைப் பிடுங்கி ஜன்னல் வழியே வீசியவன் நான். மன்னியுங்கள். அதை மேஜையில் வைத்தே அன்றைய பாடத்தை நடத்தியிருக்க வேண்டும்.

பிள்ளைகளைத் திட்டாதீர்கள். பக்கத்தில் உட்கார்ந்து ஒரு கதை பாருங்கள். பிறகு கண்மாய்க் கரைக்குக் கூட்டிப்போய் நிஜ வண்டைக் காட்டுங்கள். பார்த்ததும் பறக்க விடச் சொல்லுங்கள்.