தடையாணையும் உயர் நீதிமன்றமும்

மக்கள் தேர்ந்தெடுத்த அரசு ஒரு திட்டத்தைக் கொண்டுவருகிறது. எங்கோ ஓர் உயர் நீதிமன்றம் இடைக்காலத் தடை விதிக்கிறது, திட்டம் நின்றுபோகிறது. இது மக்களாட்சியா, நீதிபதிகளின் ஆட்சியா என்று கேட்போர் பலர். அரசின் கொள்கையைத் தடுக்கும் அதிகாரம் உச்ச நீதிமன்றத்துக்கு மட்டும் இருந்தால் போதும் என்பது அவர்கள் வாதம். கேட்பதற்கு நன்றாகத்தான் இருக்கிறது. ஆனால் இந்த மருந்தை நம் நாடு ஒருமுறை உட்கொண்டு பார்த்துவிட்டதே!

நெருக்கடி நிலைக் காலத்தில், 1976-இல், அரசியலமைப்பின் 42-ஆவது திருத்தம் வந்தது. மத்தியச் சட்டம் ஒன்று செல்லுமா, செல்லாதா என்று ஆராயும் உரிமையை அது உயர் நீதிமன்றங்களிடமிருந்து பறித்து, உச்ச நீதிமன்றம் ஒன்றுக்கே உரியதாக்கியது. நாகர்கோவிலில் உள்ள ஒரு சிறு வணிகர் தம்மைப் பாதிக்கும் மத்தியச் சட்டம் செல்லாது என்று வாதாட வேண்டுமானால், டில்லிக்குத்தான் போக வேண்டும். ரயில் கட்டணம், தங்கும் செலவு, டில்லி வழக்கறிஞருக்குக் கட்டணம் எல்லாம் கொடுத்து வழக்காட எத்தனை பேரால் இயலும்? 43-ஆவது திருத்தம் 1978-இல் உயர் நீதிமன்றங்களுக்கு அந்த உரிமையைத் திருப்பித் தந்தது.

தூரம் மட்டுமன்று சிக்கல். நெருக்கடி நிலையிலும், விசாரணையின்றிச் சிறைப்பட்டோர் நீதிமன்றத்தை நாடலாம் என்று ஒன்பது உயர் நீதிமன்றங்கள் கூறின. 1976 ஏப்ரல் 28 அன்று உச்ச நீதிமன்றம் அதை மறுத்தது. ஐந்து நீதிபதிகளில் மாறுபட்டு நின்றவர் எச்.ஆர். கன்னா ஒருவரே. அத்தீர்ப்பு தவறு என்று உச்ச நீதிமன்றமே 2017-இல் ஒதுக்கித் தள்ளியது. நாற்பத்தொரு ஆண்டுகள்! அன்று கீழே இருந்தவர்கள் கண்டதை மேலே இருந்தவர்கள் காணவில்லை.

உயர் நீதிமன்றம் நல்ல கொள்கையையும் தடுப்பதுண்டே என்பீர்கள். உண்டு, நம் சென்னையிலேயே நடந்தது. கல்லூரி இடங்களைப் பல வகுப்பாருக்கும் பங்கிட்ட வகுப்புவாரி அரசாணை செல்லாது என்று 1950-இல் சென்னை உயர் நீதிமன்றம் தீர்ப்பளித்தது. மறு ஆண்டு உச்ச நீதிமன்றமும் அதையே உறுதி செய்தது. ஆகவே, வழக்கு நேரே டில்லிக்குப் போயிருந்தாலும் முடிவு மாறியிராது. தமிழகம் கொதித்தெழுந்தது. நாடாளுமன்றம் 1951-லேயே முதல் திருத்தத்தின் மூலம் 15(4) என்ற உட்பிரிவைச் சேர்த்தது. நம்மில் பலர் இவ்வகுப்பறைகளில் அமர்ந்திருக்க வழிவகுத்த உட்பிரிவு அது. அதைச் சேர்ப்பதற்கு எந்த நீதிமன்றத்தின் கதவையும் மூட வேண்டியிருக்கவில்லை.

தடை ஆண்டுக்கணக்கில் நீடிப்பது கொடுமைதான். அதை நான் மறுக்கவில்லை. எதிர்த்தரப்பைக் கேளாமல் விதித்த தடைக்கு 226(3) உட்பிரிவு ஓர் எல்லை வகுத்திருக்கிறது. தடையை நீக்கக் கோரி மனுச் செய்தால் இரண்டு வாரத்துக்குள் முடிவு சொல்ல வேண்டும். சொல்லாவிட்டால் தடை தானே நீங்கிவிடும். நீதிபதிகளைக் குறை சொல்லுமுன், அந்த மனுவை நம் அரசுத் துறைகள் எத்தனை நாளில் தாக்கல் செய்கின்றன என்று கேட்டுப் பார்க்கலாம்.