மரம் நடுவோம், மரத்தைக் கற்போம்



ஒரு முஸ்லிம் நட்ட மரத்திலிருந்து மனிதரோ பறவையோ கால்நடையோ உண்டால் அது அவருக்கு ஸதக்காவாகும் என்பது அண்ணல் நபி (ஸல்) அவர்கள் அறிவித்த நற்செய்தி. மதீனாவைப் புனித எல்லையாக்கி, அங்கே மரம் வெட்டுவதையும் வேட்டையாடுவதையும் நாயகம் அவர்கள் தடுத்தார்கள். இத்தகைய மார்க்கத்தைப் பின்பற்றும் நம் இல்லங்களில், பிள்ளையின் மேற்படிப்பு பற்றிப் பேச்செடுத்தால் மருத்துவம், பொறியியல், கணினி என்பவற்றைத் தாண்டி எண்ணம் செல்வதில்லை. வனவியலில் முதுநிலைப் பட்டமும் முனைவர் பட்டமும் பெறலாம் என்பதைப் பலர் அறியார்.

மரம் நடுவதற்குப் படிப்பு எதற்கு என்று கேட்கலாம். முத்துப்பேட்டை அலையாத்திக் காடு அதற்கு விடை கூறும். ஆங்கிலேயர் காலந்தொட்டு அங்கே பகுதி பகுதியாக மரங்களை அடியோடு வெட்டினர். நிழல் நீங்கிய சேற்றுமண் உலர்ந்து, அமுங்கி, தாம்பாளம் போலக் குழிந்தது. ஓதத்தின்போது புகுந்த கடல்நீர் திரும்ப வழியின்றித் தேங்கி, வெயிலில் ஆவியாகி, மண்ணில் உப்பு மிகுந்தது. அந்த உப்பில் கன்றுகள் பிழைக்கவில்லை. ஆடுமாடுகளும் விறகு வெட்டுவோருமே காட்டின் அழிவுக்குக் காரணம் என்று வெகுகாலம் கருதப்பட்டது. 1990களில் எம்.எஸ். சுவாமிநாதன் ஆராய்ச்சி நிறுவனத்தார் வனத்துறையோடும் ஊர் மக்களோடும் சேர்ந்து, மீன்முள் வடிவில் வாய்க்கால்கள் வெட்டுவித்தனர். கடல்நீர் வந்து திரும்பியது, உப்புக் குறைந்தது, நட்ட கன்றுகள் தழைத்தன. நல்லெண்ணத்தோடு இல்மும் சேர்ந்ததனால் விளைந்த பலன் அது.

கடலோர ஊர்களில் நாம் அன்றாடம் காணும் சவுக்கு, தன் வேரில் வாழும் நுண்ணுயிரின் துணையால் காற்றிலுள்ள நைட்ரஜனைத் தனக்கு உணவாக்கிக் கொள்கிறது. மலைவேம்பு சில ஆண்டுகளிலேயே ஒட்டுப்பலகைக்கு உதவும் பருமனை அடைகிறது. எந்த மண்ணுக்கு எந்த மரம், எத்தனை அடி இடைவெளி, எப்போது வெட்டுவது என்பன யாவும் இத்துறையின் பாடங்கள். நம்மவரில் மரவாடி நடத்துவோர் பலர். பார்த்த மாத்திரத்தில் தேக்கின் தரம் சொல்லும் அவர்களின் பிள்ளைகளுக்கு இக்கல்வி அந்நியமானதன்று.

தமிழ்நாடு வேளாண்மைப் பல்கலைக்கழகத்தின் வனக்கல்லூரி, நீலகிரி அடிவாரத்தில் மேட்டுப்பாளையத்தில் உள்ளது. நான்காண்டு இளநிலை வனவியல் முடித்தோர் அங்கே இரண்டாண்டு முதுநிலை பயிலலாம். மரவளர்ப்பு, மரப்பயிர் மேம்பாடு, வனப்பொருள் பயன்பாடு போன்ற பிரிவுகளில் பாடம் கற்று, ஓர் ஆய்வேடும் எழுத வேண்டும். இந்திய வேளாண் ஆராய்ச்சிக் கழகத்தின் அகில இந்திய நுழைவுத்தேர்வில் முன்னிலை பெறுவோர்க்கு உதவித்தொகை உண்டு. திருச்சி ஜமால் முகமது கல்லூரி போன்றவற்றில் தாவரவியல் படித்தவர்களுக்கும் வழி இருக்கிறது. டேராடூன் வன ஆராய்ச்சி நிறுவனம் நடத்தும் முதுநிலை வனவியலுக்கு மூன்றாண்டு அறிவியல் பட்டதாரிகளும் நுழைவுத்தேர்வு எழுதலாம். தமிழக அரசுக் கல்வி நிலையங்களில் பிற்படுத்தப்பட்ட முஸ்லிம்களுக்கு 2007ஆம் ஆண்டு முதல் 3.5 விழுக்காடு தனி ஒதுக்கீடு உண்டு. அதைப் பயன்படுத்தாமல் விடுவது நமக்கே இழப்பு.

வேலை கிடைக்குமா என்பது பெற்றோரின் நியாயமான கேள்வி. அரசுப் பணியிடங்கள் குறைவு என்பதை மறைப்பதற்கில்லை. இந்திய வனப்பணிக்கு மத்தியத் தேர்வாணையமும், உதவி வனப்பாதுகாவலர், வனத்தொழில் பழகுநர் பதவிகளுக்கு மாநிலத் தேர்வாணையமும் தேர்வு நடத்துகின்றன, போட்டி கடுமையானது. ஆகவே அரசுப் பணி ஒன்றையே நம்பிச் சேரலாகாது. காகித ஆலைகள், ஒட்டுப்பலகைத் தொழிற்சாலைகள், ஆய்வு நிலையங்கள், சொந்த நாற்றுப்பண்ணை ஆகியவற்றையும் மனத்திற்கொண்டே சேர வேண்டும்.

பெண் பிள்ளையைக் காட்டுக்கு அனுப்புவதா என்று தயங்கும் தாய்மாரும் உண்டு. ஆய்வுக்கூடத்திலும் நாற்றங்காலிலும் இப்படிப்பில் வேலை நிறைய உண்டு; களப்பயணமோ ஆசிரியரோடும் சக மாணவியரோடும் செல்வது. 1980ஆம் ஆண்டிலேயே இந்திய வனப்பணியில் பெண்கள் சேர்ந்துவிட்டனர். நம் மகளுக்கு விருப்பமும் திறமையும் இருக்குமானால், அச்சத்தைக் காரணமாக்கிக் கதவை அடைக்க வேண்டாம்.

ஜமாஅத் பொறுப்பாளர்களுக்கும் ஒரு வேண்டுகோள். 2018 நவம்பரில் கஜா புயல் முத்துப்பேட்டை, அதிராம்பட்டினம் பகுதித் தென்னந்தோப்புகளைச் சாய்த்தபோது எத்தனை குடும்பங்கள் நிலைகுலைந்தன! வக்ஃபு நிலங்களும் கபரஸ்தான்களும் பல ஊர்களில் வெறுந்தரையாகக் கிடக்கின்றன. அங்கே எதை நடலாம், புயலுக்குப் பின் எதை மீட்கலாம் என்று கற்றுச் சொல்ல நமக்குள்ளேயே சிலர் வேண்டும். பைத்துல்மால் வழங்கும் கல்வி உதவியில் ஆண்டுக்கு ஒன்றையேனும் இத்துறைக்கு ஒதுக்குங்கள். அப்பிள்ளை நட்டு வளர்க்கும் ஒவ்வொரு மரத்தின் நன்மையிலும், இன்ஷா அல்லாஹ், உங்களுக்கும் பங்கு இருக்கும்.