உயிர்க் காலேஜில் ஒரு நாள்

சென்னை மிருகக்காட்சிச்சாலைக்கு முன்னாளில் ‘உயிர்க் காலேஜ்’ என்று ஒரு பெயர் வழங்கியது. எழும்பூர் அருங்காட்சியகத்திற்குச் ‘செத்த காலேஜ்’ என்று பெயர். உயிருள்ளவற்றைப் பார்த்துக் கற்கும் இடம் ஒன்று. உயிர் நீங்கியவற்றைப் பார்த்துக் கற்கும் இடம் மற்றொன்று. பொதுமக்கள் தம் வாய்ப்பேச்சில் வழங்கிய இப்பெயர்கள் கேட்பதற்கு வேடிக்கையாக இருந்தாலும், அவற்றில் ஓர் உண்மை பொதிந்திருப்பதாகவே எனக்குத் தோன்றுகிறது. மிருகக்காட்சிச்சாலையும் ஒரு கல்லூரி என்றால், அதன் பாடம் முழுவதையும் ஒரே பகலில் முடித்துவிட இயலுமா? நம் மூன்றாண்டுப் பாடத்தை ஒரே நாளில் நடத்தி முடித்தால் நம் கதி என்னவாகும்? ஆனால் சின்னஞ்சிறு பிள்ளைகளை அங்கே அழைத்துச் செல்லும்போது நாம் செய்வது இதைத்தான்.

இதை நான் பிறரைக் குறை கூறுவதற்காக எழுதவில்லை. குற்றவாளிக் கூண்டில் முதலில் நிற்க வேண்டியவள் நானே. சென்ற மே விடுமுறையில் எங்கள் குடும்பம் திருச்சியிலிருந்து வண்டலூர் அறிஞர் அண்ணா உயிரியல் பூங்காவுக்குச் சென்றது. அம்மா, அக்கா, அக்காள் கணவர், ஆறு வயதும் மூன்று வயதுமான அவர்கள் பிள்ளைகள் இருவர், நான் ஆக ஆறு பேர். வீட்டில் கல்லூரிக்குச் சென்ற முதல் ஆள் என்பதாலும், அதிலும் விலங்கியல் படிப்பவள் என்பதாலும், பயணத் திட்டம் முழுவதையும் என்னிடமே ஒப்படைத்தார்கள். நானும் நோட்டுப் புத்தகத்தில் கோடு போட்டுக் கால அட்டவணை ஒன்று தயாரித்தேன். குரங்குக்குப் பத்து நிமிடம், நீர்யானைக்குப் பத்து நிமிடம், புலிக்குப் பதினைந்து நிமிடம் என்று எழுதி, ஒரு விலங்கும் விட்டுப் போகாதபடி பார்த்துக்கொண்டேன். அன்று அதைப் பெரிய சாமர்த்தியமாக எண்ணியிருந்தேன்.

இரவு ரயிலேறித் தாம்பரத்தில் இறங்கி, மின்சார ரயிலில் வண்டலூர் சேர்ந்து, பூங்கா திறக்கும் முன்பே வாசலில் நின்றோம். இரவெல்லாம் உறங்காத பிள்ளைகள் உள்ளே நுழையும்போதே வாடியிருந்தார்கள். குரங்குகளின் முன்னே பையன் வேரூன்றி நின்றுவிட்டான். தாய்க்குரங்கு ஒன்று குட்டிக்குப் பேன் பார்த்துக்கொண்டிருந்தது. “சித்தி, இன்னும் கொஞ்சம் பார்க்கிறேன்” என்று கெஞ்சினான். “நேரமாகிறது, இன்னும் புலி இருக்கிறது, நட” என்று கையைப் பிடித்து இழுத்தவள் நான். புலியிடம் நாங்கள் சேர்ந்தபோது நடுப்பகல். வெயிலுக்கு அஞ்சி அது நிழலில் படுத்திருந்தது. அதன் முதுகைத்தான் பார்த்தோம். அதற்குள் சிறுமி அவள் அப்பாவின் தோளில் உறங்கிப் போயிருந்தாள்.

அம்மாவோ எதையும் பார்க்கவில்லை. புளிச்சோற்றுத் தூக்கும், மாற்றுத் துணிப் பைகளும், தண்ணீர்ப் புட்டிகளும் சுமக்க முடியாத பாரமாகிவிடவே, ஒரு மரத்தடியில் அவற்றை வைத்துவிட்டு, “நீங்கள் போய்ப் பார்த்துவிட்டு வாருங்கள்” என்று அமர்ந்துவிட்டார். சீட்டுப் பிடித்துச் சேர்த்த பணத்தை இந்தப் பயணத்திற்கென்று எடுத்துக் கொடுத்தவர் அவர்தாம். திரும்பும் வழியில், “என்னம்மா பார்த்தீர்கள்?” என்று கேட்டேன். “நீங்கள் மிருகத்தைப் பார்த்தீர்கள், நான் பையைப் பார்த்துக்கொண்டேன்” என்று சிரித்தார். அவர் சிரித்துவிட்டார், எனக்குச் சிரிப்பு வரவில்லை. பள்ளிப் படிப்பையே பாதியில் நிறுத்தியவர் தம் வாழ்நாளில் நுழைந்த முதல் ‘காலேஜ்’ அது. அங்கேயும் பை காக்கும் வேலையைத்தான் என் கால அட்டவணை அவருக்கு ஒதுக்கியிருந்தது.

குறை பூங்காவினுடையதன்று, என் திட்டத்தினுடையது. 1855ஆம் ஆண்டில் எட்வர்ட் பால்ஃபரின் முயற்சியால் எழும்பூர் அருங்காட்சியக வளாகத்தில் தோன்றிய அந்த விலங்கினத் தொகுப்பு, பின்னர் சென்ட்ரல் நிலையத்தை அடுத்த பீப்பிள்ஸ் பார்க்கில் நெடுங்காலம் இருந்தது. அங்கே இட நெருக்கடி மிகவே, 1985இல் வண்டலூர் காட்டுக்கு மாற்றப்பட்டது. கம்பிக்கூண்டுகளுக்குப் பதிலாக அகழி சூழ்ந்த திறந்த வெளிகள் விலங்குகளுக்குக் கிடைத்தன. இன்று அதன் பரப்பு சுமார் 600 ஹெக்டேர். ஏறத்தாழ 1500 ஏக்கர். நம் ஸ்ரீரங்கம் கோயில் ஏழு திருச்சுற்றுகளும் சேர்ந்து சுமார் 156 ஏக்கர்தான் என்பதை எண்ணிப் பார்த்தால் அளவு விளங்கும். அவ்வளவும் பார்வையாளர் நடக்கும் இடமன்று என்பது உண்மையே. ஆயினும் ஒன்பது ஸ்ரீரங்கம் கொள்ளும் பரப்பில் அமைந்த ஒரு பூங்காவை மூன்று வயதுக் குழந்தை ஒரே நாளில் நடந்து முடிக்க வேண்டும் என்று எதிர்பார்ப்பது எவ்வகையில் நியாயம்? விலங்குகளுக்கு இடம் விரிந்துவிட்டது. நம் பழக்கம் மட்டும் அடுத்தடுத்துக் கூண்டு வைத்த காலத்திலேயே நின்றுவிட்டது.

“இவ்வளவு செலவு செய்து போய்விட்டு, நான்கை மட்டும் பார்த்துவிட்டா வருவது?” என்று சிலர் கேட்கலாம். எங்கள் வீட்டிலும் அப்படித்தான் கேட்டார்கள். ஆண்டுக்கொரு முறை கூட வெளியூர் போக இயலாத குடும்பங்களுக்கு இந்தக் கேள்வி அற்பமானதன்று. ஆனால் பணம் அரிதாக இருப்பதாலேயே அது வீணாகக் கூடாது. நாற்பது விலங்குகளை ஓடிக்கொண்டே பார்த்துவிட்டு ஒன்றும் மனத்தில் தங்காமல் திரும்புவதா பணத்தின் பயன்? வீடு திரும்பியபின், “அங்கே என்னடா பார்த்தாய்?” என்று பையனைக் கேட்டேன். “அந்தக் குரங்கு” என்றான். அவன் விரும்பி நின்ற அந்தச் சில நிமிடங்களே அவனுக்கு மிஞ்சின. நான் இழுத்துச் சென்ற மற்ற மணி நேரங்கள் எங்கே போயின?

இந்தப் பாடத்தைக் கற்றபின், கடந்த தை மாதத்தில் இன்னொரு நாள் புறப்பட்டோம். இம்முறை முந்நூறு கிலோமீட்டர் போகவில்லை. காவிரிக்கும் கொள்ளிடத்துக்கும் இடையே, ஸ்ரீரங்கத்தை அடுத்த மேலூரில், 2015இல் திறக்கப்பட்ட வெப்பமண்டல வண்ணத்துப்பூச்சிப் பூங்கா இருக்கிறது. சுமார் 25 ஏக்கர். நூற்றுக்கும் மேற்பட்ட வண்ணத்துப்பூச்சி இனங்கள் இங்கே பதிவு செய்யப்பட்டிருக்கின்றன. டவுன் பஸ்ஸில் ஸ்ரீரங்கம் சென்று, அங்கிருந்து ஆட்டோவில் போய்ச் சேர்ந்தோம். கால அட்டவணை இல்லை. சோற்றுத் தூக்கு இல்லை. கொஞ்சம் பிஸ்கட், வாழைப்பழம், தண்ணீர். மதியச் சாப்பாட்டுக்கு வீடு திரும்புவதாக ஏற்பாடு.

வண்ணத்துப்பூச்சிக்கு நம்மைப் போல் உடற்சூடு நிலையாக இருப்பதில்லை. காலை வெயிலில் சிறகை விரித்துச் சூடேற்றிக்கொண்ட பிறகே அது நன்றாகப் பறக்கும். ஆகவே வெயில் ஏறத் தொடங்கும் முற்பகலே அதைப் பார்க்க ஏற்ற வேளை. எருக்கஞ்செடி ஒன்றைச் சுற்றிப் பிள்ளைகள் அமர்ந்துவிட்டார்கள். வெந்தய வரியன் என்னும் வண்ணத்துப்பூச்சி எருக்கிலையில் முட்டையிடும். அதன் புழு அந்த இலையைத் தின்றே வளரும் என்று நான் சொல்லிக்கொண்டிருந்தேன். கறிவேப்பிலையிலும் இப்படி ஒன்று வளரும் என்று தொடங்கியதும், அம்மா குறுக்கிட்டார். “அது எனக்குத் தெரியும். முதலில் காக்கை எச்சம் போலவே ஒட்டிக்கொண்டிருக்கும். பெரிதானால் பச்சையாகிவிடும். தொட்டால் கொம்பு நீட்டி நாற்றமடிக்கும். கொல்லைச் செடியில் எத்தனை எடுத்துப் போட்டிருக்கிறேன்!” என்றார்.

கறிவேப்பிலை அழகி என்னும் வண்ணத்துப்பூச்சியின் புழு அது. பறவையின் எச்சம் போன்ற தோற்றம் பகைவரிடமிருந்து அதைக் காக்கிறது என்று நான் படித்திருந்தேன். என் அம்மா அதைப் படிக்காமலே கண்டிருந்தார். “அம்மாச்சி, அந்தப் புழுவை ஏன் எடுத்துப் போட்டாய்?” என்று பையன் கேட்டான். “பூச்சியாகும் என்று எனக்கு யார் சொன்னார்கள்?” என்றார் அவர். அன்று அரைமணி நேரம் அம்மா சொல்ல, பிள்ளைகளோடு நானும் கேட்டுக்கொண்டிருந்தேன். இப்போது எங்கள் கொல்லைக் கறிவேப்பிலையில் ஒரு கிளை புழுக்களுக்கென்று விடப்பட்டிருக்கிறது.

ஆகவே, பிள்ளைகளோடு இப்படி ஒரு நாள் புறப்பட எண்ணுவோர்க்கு என் கருத்துகளைக் கூற விரும்புகிறேன். பயணத்தை வீட்டின் கடைக்குட்டியின் கால்களைக் கொண்டு அளந்து திட்டமிடுங்கள். நான்கே உயிரினங்களைத் தேர்ந்தெடுங்கள். தேர்வைப் பிள்ளைகளிடமே விடுங்கள். திறக்கும் நேரத்துக்குச் சென்று, நடுப்பகலுக்குள் முடித்துக்கொள்ளுங்கள். விடுமுறை நாளை முன்கூட்டியே கேட்டறியுங்கள். வண்டலூருக்குச் செவ்வாய்க்கிழமை விடுமுறை. கூட்டத்தில் பிரிந்தால் உதவும் வகையில், பிள்ளையின் சட்டைப் பையில் வீட்டுத் தொலைபேசி எண்ணை எழுதி வையுங்கள். விலங்குகளுக்குத் தின்பண்டம் எறிவதும், அவற்றைச் சீண்டுவதும், கூச்சலிடுவதும் 1972ஆம் ஆண்டின் வனவிலங்குப் பாதுகாப்புச் சட்டத்தில் 1991இல் சேர்க்கப்பட்ட பிரிவின்படி குற்றமாகும். இதைப் பெரியவர்கள் கடைப்பிடித்தால் பிள்ளைகளுக்குத் தனியே போதிக்க வேண்டியதில்லை.

அருகில் உள்ளதிலிருந்து தொடங்குவது நல்லது. மேலூர் இருக்கிறது, கம்பரசம்பேட்டையில் காவிரிக்கரையில் 2025இல் திறக்கப்பட்ட பறவைப் பூங்கா இருக்கிறது. வண்டலூருக்குப் போகவே வேண்டாம் என்பதன்று என் கருத்து. பிள்ளைகள் சற்று வளர்ந்தபின், முதல் நாள் இரவே சென்று எங்கேனும் தங்கி உறங்கி எழுந்து, உள்ளே பேட்டரி வண்டியில் ஏறிச் சென்று, சிலவற்றை மட்டும் நின்று பார்த்து வருவோம். விட்டுப்போனவை அடுத்த முறைக்கு இருக்கட்டும்.

எல்லாவற்றிற்கும் மேலாக ஒன்று. பையை யார் பார்த்துக்கொள்வது என்பதைப் புறப்படும் முன்பே முடிவு செய்யுங்கள். ஆளுக்கு அரைமணி என்று முறை வைத்துக்கொள்ளலாம்; சுமையைக் குறைத்தால் அதுவும் தேவையில்லை. நண்பர்களே, நம்மில் பலர் வீட்டின் முதல் பட்டதாரியாகப் போகிறவர்கள். டிக்கெட் எடுப்பதும் திட்டம் போடுவதும் இனி நம் பொறுப்பாகத்தான் இருக்கும். நம்மைக் கல்லூரிக்குள் அனுப்பிவிட்டு வெளியே நின்றவர்களை, அந்த உயிர்க் காலேஜுக்குள்ளாவது நம்மோடு அழைத்துச் செல்வோம்.