சைக்கிளுக்கும் ஒரு கூரை

குமரி மாவட்டத்துக்கு மழை இரண்டு: ஆனி ஆடியில் தென்மேற்கு, ஐப்பசி கார்த்திகையில் வடகிழக்கு. கருங்கல் பக்கம் வேலைக்கு வருகிறவரின் சைக்கிள், கொட்டகை இல்லாவிட்டால், இரண்டிலும் நனையும். கடலும் தொலைவில் இல்லை. உப்புக் காற்றில் சங்கிலி துருப்பிடிக்கக் கேட்பானேன்?

1948-ம் வருஷத்துத் தொழிற்சாலைச் சட்டம் தாராளமாகவே யோசித்தது. 250 பேருக்கு மேல் வேலை செய்தால் சிற்றுண்டிச்சாலை, 150 பேருக்கு மேல் என்றால் ஓய்வறை. ஈரத் துணி உலர்த்தக்கூட ஒரு பிரிவு! தொழிலாளி ஏறிவந்த சைக்கிளை மட்டும் மறந்துவிட்டது.

பிளஸ் ஒன் மாணவியருக்கு அரசாங்கம் இலவசச் சைக்கிள் கொடுத்திருக்கிறது. அந்தப் பெண் நாளைக்கு அண்டியாபீசிலோ ஜவுளிக் கடையிலோ வேலைக்குச் சேர்ந்தால் வண்டியை எங்கே விடுவாள்? தென்னை மூட்டில் விட்டால் மட்டை விழும். சாலையோரம் விட்டால் கை வேலையில் இருக்கும், மனம் பூட்டில் இருக்கும். சைக்கிள் களவு போனால்? மகளிருக்கு டவுன் பஸ் இலவசந்தான். ஆனால் அது வீட்டு வாசலுக்கு வராதே! நேரம் பிந்தினால் கூலி குறையும்.

நான்கு தூண், மேலே தகரம், பூட்டி வைக்க ஓர் இரும்புக் கம்பி, காவல்காரர் கண்ணில் படுகிற இடம். முதலாளியின் காருக்குப் போட்ட கூரையைப் பத்தடி நீட்டினாலும் போதும். ஆனி பிறக்குமுன் முடிகிற வேலைதான்.